ஜே-3 கப் விமானத்தின் பழைய மானிகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

அமெரிக்காவின் சின்ன இரட்டை இருக்கை விமானமான பைப்பர் ஜே-3 கப்பின் பேனலில் பார்க்க அதிகம் இல்லை. வேகமானி, உயரமானி, எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர், காம்பஸ், ஆயில் பிரஷர், ஆயில் டெம்பரேச்சர், அவ்வளவுதான். பெட்ரோல் அளவைக் காட்டும் கம்பிகூட பேனலில் இல்லை. முன்கண்ணாடிக்கு வெளியே டேங்க் மூடியில் நிற்கும். பேட்டரி, ஒயரிங் எதுவும் கிடையாது. 1938 முதல் 1947 வரை வந்த இந்த விமானங்களில் பல இன்றும் பறக்கின்றன. ஆனால் அசல் மானிகளோடு பறப்பவை குறைவு. காரணம், முள் சரியாகக் காட்டவில்லை என்றதும் மானியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டிவிடுகிறார்கள். கழற்றிய மானியைச் சோதித்தால் பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது. கோளாறு அதற்குப் போகும் குழாயில், ரப்பர் ஹோஸில், கேபிளில், இல்லையென்றால் பக்கத்தில் முடுக்கிய ஓர் இரும்புத் திருகில் இருக்கும்.

அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் வரிசை ஒன்றுதான்: வெளியிலிருந்து உள்ளே. மானியின் உறையைத் திறப்பது இந்தக் கட்டுரையில் எங்கும் வராது. அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. அமெரிக்கப் பதிவு விமானத்தில், சான்று பெற்ற மெக்கானிக்குக்குக்கூட மானியைப் பழுது பார்க்க அனுமதி இல்லை என்று விமான விதி 65.81 நேராகவே சொல்கிறது. அது மானிகளுக்கான அங்கீகாரம் பெற்ற பட்டறையின் வேலை. இந்தியாவில் ஹெச்.ஏ.எல். புஷ்பக் போன்ற பழைய கழக விமானங்களை எழுப்ப நினைப்பவர்களுக்கும் இதே கதைதான், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர்-145 அங்கீகாரம் உள்ள இடத்துக்கே மானி போக வேண்டும். குழாய், ஹோஸ், கேபிள் வேலைகளையும் உரிய சான்றுள்ளவர் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

## தொடும் முன்: டயலில் மஞ்சளோ பழுப்போ தெரிகிறதா?

எண்களிலும் முள்ளிலும் தடித்த, வெடிப்பு விழுந்த, மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறமுள்ள பூச்சு இருந்தால் அதை ரேடியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்-4 என்ற ராணுவக் கப்பிலும், போருக்குப் பின் உபரியாக விற்ற மானிகளைப் பொருத்திய விமானங்களிலும் இது இருக்க வாய்ப்பு அதிகம். இருட்டில் ஒளிரவில்லை, எனவே ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. ஒளிர்வது துத்தநாக சல்பைடு. அது சில பத்தாண்டுகளில் செத்துவிடும். அதைத் தூண்டும் ரேடியம்-226க்கு அரை ஆயுள் 1600 ஆண்டு.

கைகர் கவுண்டரைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். எண்ணிக்கை எகிறினால் மூன்று விதிகள்: திறக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, கண்ணாடி உடைந்திருந்தால் முகப்பை டேப்பால் மூடி பிளாஸ்டிக் பையில் போட்டுவிட வேண்டும். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்வரை பெரிய கவலை இல்லை. உதிர்ந்த தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. இப்படிப்பட்ட மானிகளைக் காற்றோட்டமில்லாத அலமாரியில் குவித்து வைக்காதீர்கள், ரேடான் வாயு சேரும். டயலை மீண்டும் வரைய வேண்டுமென்றால் ரேடியத்தைக் கையாள உரிமம் உள்ள பட்டறையைத் தேடுங்கள்.

## முதலில் ஒரு யூ குழாய் செய்துகொள்ளுங்கள்

வேகமானியைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 6 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றரை மீட்டர், அதை யூ வடிவில் பொருத்த ஒரு பலகை, நடுவில் மில்லிமீட்டர் அளவுகோல். பாதி உயரத்துக்குத் தண்ணீர், அதில் ஒரு துளி வண்ணம், ஒரு துளி பாத்திரம் துலக்கும் சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் நீர்மட்டம் குழாய்ச் சுவரில் ஒட்டி இழுக்கும், அளவு பிசகும். யூவின் ஒரு முனையில் ஒரு டி இணைப்பு, அதன் ஒரு கை வேகமானிக்கு, இன்னொரு கை முனை அடைத்த நீண்ட ரப்பர் டியூபுக்கு. அந்த டியூபைக் கடைசியிலிருந்து மெல்லச் சுருட்டினால் அழுத்தம் ஏறும்.

கடல்மட்டக் காற்றுக்கு, மணிக்கு மைல் கணக்கில் வேகத்தை வர்க்கப்படுத்தி 80ஆல் வகுத்தால், இரு நீர்மட்டங்களுக்கும் இடையே வர வேண்டிய வித்தியாசம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 40 மைலுக்கு 20 மி.மீ., 60க்கு 45, 80க்கு 80, 100க்கு 125, 120க்கு 180. கப்பின் வேக எல்லைக்குள் இந்தக் கணக்கு ஒரு சதவீதத்துக்குள் சரியாக இருக்கும். டயல் நாட் கணக்கில் இருந்தால் முதலில் மைலாக மாற்றிக்கொள்ளுங்கள் (1 நாட் = 1.15 மைல்).

அழுத்தங்கள் எவ்வளவு சின்னவை என்று கவனியுங்கள். கப் தரையை விட்டு எழும் வேகத்தில் வேகமானிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டறையைத் தள்ளுவது இரண்டு சென்டிமீட்டர் நீரின் எடை மட்டுமே. வாயால் ஊதினால் அதைப் போலப் பல மடங்கு போகும், கூடவே ஈரமும் போகும். காற்று கம்ப்ரஸரை மானி மாட்டிய குழாயில் வைத்தால் அந்த நொடியே மானி முடிந்தது. யூ குழாயைச் சுற்றில் வைத்தே அழுத்துங்கள். கை தவறினாலும் தண்ணீர் வெளியே பீச்சிவிடும், தகட்டறை தப்பும்.

## வேகமானி: முள் எழவே இல்லை

எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொண்டுவரும், இறக்கையின் தாங்குகம்பியில் உள்ள பிட்டோ குழாயின் வாயைப் பாருங்கள். குளவி மண் வைத்திருக்கும். மூடி போடாமல் சில நாள் நிறுத்திய விமானத்தில் இதுதான் முதல் சந்தேகம். குச்சியால் குத்தி உள்ளே தள்ளிவிடாதீர்கள். வரிசை இது:

1. பேனலுக்குப் பின்னால் வேகமானியில் இருந்து பிட்டோ ஹோஸைக் கழற்றுங்கள். ஸ்டாட்டிக் குழாய் (சுற்றுக் காற்றின் அழுத்தத்தை எடுப்பது) இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.
2. பேனல் பக்கத்திலிருந்து பிட்டோ வாய்ப் பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் காற்று விடுங்கள். அடைப்பு வந்த வழியே வெளியேறும்.
3. இறக்கை வேரில் உள்ள ரப்பர் இணைப்பைக் கழற்றி இரு பாதியையும் தனித்தனியே ஊதிப் பாருங்கள். பழைய ரப்பர் உள்புறம் உரிந்து, ஒரு வழிக் கதவு போலக் குழாயை அடைப்பதுண்டு. வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.
4. வழி திறந்தபின் யூ குழாயோடு வேகமானியை மட்டும் சோதியுங்கள். 45 மி.மீ.க்கு 60 மைல் வந்தால் மானி நலம்.

முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கப் பார்த்தால் பிட்டோவும் ஸ்டாட்டிக்கும் மாறிப்போயிருக்கின்றன. மானியின் முதுகில் ‘பி’, ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்துகள் வார்ப்பிலேயே இருக்கும்; பல அடுக்குப் பெயின்டுக்கு அடியில் மறைந்திருக்கலாம்.

## வேகமானி: 10, 15 மைல் குறைத்துக் காட்டுகிறது

பிட்டோ வழியில் கசிவு. மானியைத் தனியாகச் சோதித்து நலம் என்று தெரிந்தபின், யூ குழாயை பிட்டோ வாயில் பொருத்துங்கள். இப்போது முழு வழியும் சோதனையில் இருக்கிறது. பிட்டோ குழாயின் அடியில் நீர் வடியத் துளை இருந்தால் டேப்பால் மூடுங்கள், முடிந்ததும் எடுக்க மறக்காதபடி டேப்பின் வால் நீளமாகத் தொங்கட்டும். 80 மி.மீ. வரை ஏற்றி, ரப்பர் டியூபைக் கிளிப்பால் இறுக்கிவிட்டு ஒரு நிமிடம் நீர்மட்டத்தைப் பாருங்கள். இறங்கினால் கசிவு. இறக்கை வேர் இணைப்பு, மானியின் முதுகில் உள்ள முழங்கை இணைப்பு, தாங்குகம்பியில் அலுமினியக் குழாய் உரசும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து அடைத்துப் பார்த்தால் அரை மணியில் இடம் தெரிந்துவிடும்.

ரப்பர் ஹோஸ் ஒன்று கெட்டிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயதுதான்.

முழங்கை இணைப்பில் வேறொரு பொறி இருக்கிறது. மானி முதுகின் மரை எட்டில் ஓர் அங்குலக் குழாய் மரை. கூம்பு வடிவானது, இறுக்க இறுக்கப் பிளக்கும். பழைய உறைகள் பேக்லைட் அல்லது மெல்லிய வார்ப்பு. கையால் திருகி, ஸ்பானரில் ஒரு சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் போதும். டெஃப்லான் டேப் சுற்றுவதைத் தவிருங்கள்; அறுந்த இழை ஒன்று உள்ளே போய் மானியின் சிறு துளையை அடைத்தால் அதன்பின் பட்டறைதான் கதி. மரைப் பசையை முதல் மரையை விட்டு இரண்டாவதிலிருந்து மெல்லியதாகத் தடவுங்கள்.

## வேகமானி: கதவைத் திறந்து பறந்தால் எண் மாறுகிறது

கோளாறு இல்லை. ஸ்டாட்டிக் குழாய் இல்லாமல் மானியின் ‘எஸ்’ துளை காக்பிட்டுக்குள் திறந்திருந்தால் அது காக்பிட் அழுத்தத்தையே எடுத்துக்கொள்கிறது. கதவு திறந்தால் உள்ளழுத்தம் பெரும்பாலும் குறையும், வேகமும் உயரமும் சற்றுக் கூடித் தெரியும். இதற்காக மானியை அனுப்பினால் பட்டறை ‘குறை இல்லை’ என்று திருப்பி அனுப்பும், பணம் மட்டும் போகும்.

ஏறும்போது வேகம் தானாகக் கூடி, இறங்கும்போது குறைந்தால் அது வேறு கதை: பிட்டோ வாய் முழுதாக அடைத்து, உள்ளே பழைய காற்று சிறைப்பட்டிருக்கிறது. வேகமானி உயரமானியின் வேலையைப் பார்க்கிறது. மேலே உள்ள அடைப்பு வரிசைக்குப் போங்கள்.

நின்றிருக்கும்போதே முள் 10 அல்லது 15இல் நின்றால் முதலில் குழாயில் தேங்கிய நீரைச் சந்தேகியுங்கள். ஹோஸைக் கழற்றியதும் பூஜ்யத்துக்கு வந்தால் நீர்தான். வராவிட்டால் தகட்டறை அழுத்தம் தாங்காமல் நிரந்தரமாக உப்பியிருக்கிறது, யாரோ முன்பு ஊதியிருக்கிறார்கள். பட்டறை.

## உயரமானி: நேற்று சரியாக இருந்தது, இன்று 200 அடி தவறு

கப்பின் அசல் உயரமானிக்கு ஒரே முள், அழுத்தம் குறிக்கும் சாளரம் கிடையாது. திருகைத் திருப்பித் தளத்தின் உயரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடல்மட்டத்தருகே 1 மில்லிபார் மாற்றம் ஏறக்குறைய 27 அடி. இரவில் அழுத்தம் 7 மில்லிபார் விழுந்தால் காலையில் 190 அடி கூடுதலாகக் காட்டும். அது வானிலையின் வேலை.

உண்மையான பிழையைப் பிரிக்க, மானியை மேசையில் வைத்து, ஸ்டாட்டிக் துளையில் நல்ல டிஜிட்டல் பாரோமீட்டரோடு சேர்த்து மெல்ல உறிஞ்சுங்கள். உறை காற்றுப்புகாததாக இருந்தால்தான் இது நடக்கும். துளை திறந்த உறையென்றால் இரண்டையும் ஒரே கண்ணாடி ஜாடிக்குள் வைத்து மூடி உறிஞ்ச வேண்டும். 1013.2 மில்லிபாரில் முள்ளைப் பூஜ்யத்துக்கு வையுங்கள். பின் 977.2இல் 1000 அடி, 942.1இல் 2000, 908.1இல் 3000, 843.1இல் 5000 வர வேண்டும். உறிஞ்சலை விடும்போதும் மெல்ல விடுங்கள்.

ஏறும்போது ஓர் எண், இறங்கும்போது அதே அழுத்தத்தில் வேறோர் எண் வந்தால் உலோக அறை தளர்ந்திருக்கிறது. முள் நொண்டி நொண்டி, தட்டினால் மட்டும் தாவினால் உராய்வு, அச்சு முனைகளில் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கிறது. விரலால் தட்டும்போது சின்னத் தாவல் இருப்பது இயல்பு, பறக்கும்போது எஞ்சினின் அதிர்வே அந்த வேலையைச் செய்யும். நூறு அடிக்கு மேல் தாவினால் சுத்தம் செய்ய அனுப்புங்கள். முள் மிக உயரத்தில் போய் நின்றுகொண்டு எதற்கும் அசையவில்லையென்றால் வெற்றிட அறை ஓட்டையாகிவிட்டது. மாற்று அறை கிடைப்பது அரிது. அதே தயாரிப்பில் இன்னொரு மானியை உதிரிக்காக வாங்குவதே நடைமுறை.

ஸ்டாட்டிக் குழாய் உள்ள விமானத்தில் கசிவு பார்க்க: 1000 அடி உயரம் காட்டும்வரை உறிஞ்சி அடைத்து வையுங்கள். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. இது வெளியே பார்க்காமல் மானிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான அளவுகோல்தான், கப்புக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் நல்ல அளவுகோல். வேகமானி அதே குழாயில் இருப்பதால் உறிஞ்சும்போது பிட்டோ, ஸ்டாட்டிக் இரண்டையும் டி போட்டு இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உயரமானியைச் சோதிக்கப் போய் வேகமானியைக் கெடுப்பீர்கள்.

## டேக்கோமீட்டர்: முள் ஆடுகிறது

ஆட்டம் கேபிளில் பிறக்கிறது. மானியின் முதுகில் நட்டைக் கழற்றி, உள்கேபிளை முழுதாக உருவுங்கள். இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து யூ வடிவில் தொங்கவிட்டு விரல்களால் மெல்ல உருட்டுங்கள். சீராகச் சுழன்றால் நலம். ஓர் இடத்தில் தயங்கிப் பின் சட்டென்று புரண்டால் அங்கே மடிப்பு இருக்கிறது. மடிந்த கேபிளை நிமிர்த்த முடியாது.

கேபிள் நலமாக இருந்தால் உறையின் பாதையைப் பாருங்கள். எந்த வளைவும் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது. எஞ்சினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தீச்சுவரைத் தாண்டும் இடத்திலும் மானியின் முதுகிலும்தான் நெருக்கி வளைத்திருப்பார்கள். அடுத்து நீளம்: உறையின் நட் இறுகியபின் உள்கேபிளுக்கு 1 முதல் 3 மி.மீ. முன்பின் ஆட்டம் இருக்க வேண்டும். நீளம் கூடினால் மானியின் அச்சை முட்டித் தள்ளி முள்ளைத் துள்ள வைக்கும், கடைசியில் முறியும். குறைந்தால் சதுர முனை பொந்திலிருந்து நழுவி, முள் விட்டு விட்டுச் செத்துப் பிழைக்கும்.

கிரீஸ் போடுவதில்தான் பலரும் மானியைக் கெடுக்கிறார்கள். கிராஃபைட் கலந்த இளகிய கிரீஸை எஞ்சின் பக்கமுள்ள மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும், விரலில் தொட்டு இழுப்பதுபோல மெல்லியதாகப் பூசுங்கள். மானிப் பக்கம் கடைசி 15 செ.மீ. உலர்ந்தே இருக்கட்டும். கேபிளின் முறுக்கு சுழலும்போது திருகு பம்பாக வேலை செய்து கிரீஸை மேலேற்றும். அது மானிக்குள் போனால் அடுத்த அறிகுறி வரும்.

## டேக்கோமீட்டர்: கூட்டிக் காட்டுகிறது, குளிரில் இன்னும் மோசம்

காந்த வகை மானிக்குள் ஒரு காந்தம் சுழலும். அதைச் சுற்றி, தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் நிற்கும். காந்தத்தின் இழுப்பும் மயிர்ச்சுருளின் எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. இடைவெளியில் எண்ணெய் புகுந்தால் காந்தத்தோடு கிண்ணத்தையும் சேர்த்து இழுக்கும், எண் கூடும். எண்ணெய் கெட்டியாகும் குளிரில் இன்னும் கூடும். கேபிளை உருவும்போது மேல்முனை நனைந்திருந்தால் இதுதான். எஞ்சின் பக்கத்து அச்சின் சீல் கசிந்து எஞ்சின் எண்ணெயே மேலேறியிருக்கலாம். சீலை மாற்றாமல் மானியை மட்டும் சுத்தம் செய்து மாட்டினால் மறுபடி நனையும்.

குறைத்துக் காட்டுவது இன்னும் ஆபத்து. காந்தம் வயதாகி வலுவிழந்தால் இது நடக்கும். கப்பில் உள்ள ஏ-65 எஞ்சினின் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 2300 சுற்று. மானி 100 குறைத்துக் காட்டினால் நீங்கள் 2300 என்று நினைக்கும்போது எஞ்சின் 2400இல் ஓடுகிறது. விசிறியின் நிலை ஓட்டச் சுற்றை (விமானம் நின்றபடி முழு வேகத்தில் ஓடும்போது வருவது) விமானத்தின் வகைச் சான்று ஏடான ஏ-691இல் உள்ள வரம்போடு ஒப்பிடும்போதும் எல்லாம் குழம்பும்.

ஒளி டேக்கோமீட்டரால் சரிபாருங்கள். இரண்டு இதழ் என்று அமையுங்கள். காக்பிட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பிடித்தாலே போதும், விசிறியின் முன்னே யாரும் நிற்க வேண்டாம். ஹேங்கரின் குழல்விளக்கு மின்சாரத்தின் தாளத்தில் மினுக்கும், அதை எண்ணிவிடும். பகலில் வெளியே செய்யுங்கள். 1000, 1500, 2000, 2200 ஆகியவற்றில் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசையில் சோதிக்க வேகம் தெரிந்த டிரில் போதும்: ஏ-65இல் கேபிள் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால் டிரில் 1000 சுற்றில் ஓடினால் மானி 2000 காட்ட வேண்டும். சுழலும் திசை சரியா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

## ஆயில் பிரஷர்: முள் துடிக்கிறது, தாமதமாக எழுகிறது, அல்லது எழவில்லை

மற்ற மானிகளில் முதலில் குழாயைச் சந்தேகிக்கலாம். இதில் மட்டும் முதலில் எஞ்சினைச் சந்தேகியுங்கள். ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கு மேலும், ஐடிலில் குறைந்தது 10 பவுண்டும் வராவிட்டால், நம்பகமான வேறொரு கேஜை எஞ்சினிலேயே நேரடியாக மாட்டிப் பார்க்கும்வரை பறக்க வேண்டாம்.

எஞ்சின் நலமென்றால்: முள் படபடவென்று துடிப்பதற்குக் காரணம் எஞ்சின் பக்க இணைப்பில் இருக்க வேண்டிய நுண்துளை அடைப்பான் இல்லாதது. யாரோ சாதாரண இணைப்பை மாட்டியிருப்பார்கள். அந்த நுண்துளை முள்ளை அமைதிப்படுத்துவதற்கு மட்டுமல்ல. செப்புக் குழாய் முறிந்தால் நான்கு குவார்ட் (நான்கு லிட்டருக்கும் சற்றுக் குறைவு) மட்டுமே கொள்ளும் எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒரேயடியாகக் கொட்டாமல் தடுப்பதும் அதுதான். அந்தத் துளை அழுக்கால் அடைத்தால் முள் மெல்ல எழும், அல்லது எழாது. குளிர்காலத்தில் மட்டும் தாமதமென்றால் குழாயில் கெட்டியான எண்ணெய். கழற்றி வடித்து, மெல்லிய எண்ணெய் நிரப்பி மாட்டுங்கள்.

செப்புக் குழாயை வளைவுகளில் உருப்பெருக்கியால் பாருங்கள். அதிர்வில் செம்பு இறுகி முறியும். இறுகிய குழாயை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் இளகும்; ஆனால் விரிசல் தெரிந்தால் அந்தக் குழாய் குப்பைக்கு. எஞ்சினுக்கும் தீச்சுவருக்கும் இடையே ஒரு வளையம் சுற்றியோ நெகிழ் ஹோஸ் வைத்தோ அதிர்வை அங்கேயே நிறுத்துங்கள்.

## ஆயில் டெம்பரேச்சர்: முள் அடியிலேயே கிடக்கிறது

எண்ணெய்ச் சூட்டை உணரும் உலோகக் குமிழியை எஞ்சினிலிருந்து கழற்றி, கொதிநீரில் கண்ணாடித் தெர்மாமீட்டரோடு சேர்த்து விடுங்கள். கடல்மட்டத்தில் 212 ஃபாரன்ஹீட் வர வேண்டும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குறையும். நீர் ஆற ஆற 200, 180, 160இல் ஒப்பிடுங்கள். டயலின் அடிப்பகுதியில் எண்கள் நெருங்கியும் மேலே விரிந்தும் இருப்பது ஆவியழுத்த மானியின் இயல்பு, பிழையல்ல.

கொதிநீரிலும் முள் அசையாவிட்டால் குமிழியிலிருந்து மானிக்கு வரும் நுண்குழாய் எங்கோ உடைந்து உள்ளிருந்த வாயு போய்விட்டது. பற்றவைத்து மீண்டும் நிரப்புவது வீட்டு வேலையல்ல. அந்த வாயு நஞ்சாகவோ தீப்பற்றுவதாகவோ இருக்கும். அதற்கென்றே பட்டறைகள் உண்டு, அசல் டயலையும் உறையையும் வைத்துக்கொண்டு குமிழியையும் நுண்குழாயையும் மட்டும் புதிதாக்கித் தருவார்கள். மிச்ச நீளத்தை வெட்டாதீர்கள். கை அகல வளையமாகச் சுற்றிக் கட்டிவையுங்கள்.

## காம்பஸ்: குமிழி தெரிகிறது, திரவம் குறைந்துவிட்டது

பின்புறம் விரலால் தடவுங்கள். வழுவழுப்பாக இருந்தால் பின்பக்கத் தகட்டின் ரப்பர் இறுகிக் கசிகிறது. காம்பஸின் முகக்கண்ணாடி வளையத்தைச் சுற்றி ஈரமென்றால் கேஸ்கெட். கசிவை நிறுத்தாமல் திரவத்தை மட்டும் நிரப்பினால் ஒரு கோடைகூடத் தாங்காது.

திரவம் எது என்பதுதான் முக்கியம். மண்ணெண்ணெய் போன்ற, எம்.ஐ.எல்-எல்-5020 என்ற குறியீட்டுக் காம்பஸ் திரவத்தையே பெரும்பாலானவை கேட்கும். சில பழையவற்றில் சாராய வகைத் திரவம் இருக்கும். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே சுழலும் திசை அட்டையின் பெயின்ட் கரைந்து எண்கள் மிதக்கும். முகர்ந்து பார்த்தாலே தெரியும், தெரியாவிட்டால் ஊற்றாதீர்கள்.

## காம்பஸ்: சில திசைகளில் 20, 30 டிகிரி தவறு

பக்கத்தில் என்ன இரும்பு இருக்கிறது என்று பாருங்கள். கப்பில் காம்பஸ் பேனலிலேயே இருப்பதால் அண்டை மானிகளின் திருகுகள் எல்லாமே எட்டும் தொலைவில். அவை பித்தளையாக இருக்க வேண்டும். எப்போதோ தொலைந்த ஒன்றுக்குப் பதில் இரும்புத் திருகு வந்திருக்கும். மொபைல், ஹெட்செட், காந்தப் பிடி வைத்த ஜி.பி.எஸ். எல்லாம் குற்றவாளிகளே.

இவை இல்லாமலும் தவறு மிச்சமென்றால் உடற்சட்டமே காந்தமாகியிருக்கிறது. கப்பின் உடல் எஃகுக் குழாய்களால் பற்றவைத்தது. பற்றவைப்பும் காந்தத்தூள் சோதனையும் குழாயில் காந்தத்தை விட்டுச்செல்லும். சின்னக் கைக்காம்பஸ் ஒன்றை முன்கண்ணாடியின் மூலைக்குழாய்கள் நெடுகிலும் நகர்த்துங்கள். முள் சட்டென்று புரளும் இடம் அதுதான். விமானக் காம்பஸையும் மானிகளையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மாறுமின்னோட்டச் சுருளை அந்தக் குழாயின் மேல் ஓட்டி, சுருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைநீளத்துக்கு மெல்ல விலக்கிய பின்தான் அணைக்க வேண்டும். அருகிலேயே அணைத்தால் புதிதாகக் காந்தமேற்றியதாகிவிடும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களின் பக்கம் அந்தச் சுருளைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பின் திசை சரிபார்ப்பு. இரும்புக் கட்டடம், கம்பி பதித்த காங்கிரீட், கார்கள் எல்லாவற்றிலிருந்தும் விலகிய இடம். வால் உயர்த்திப் பறக்கும் நிலையில் தாங்கி, எஞ்சின் ஓட்டத்தில்:

1. வடக்கில் நிறுத்தி, காம்பஸின் வடக்கு-தெற்குத் திருத்தத் திருகால் பிழையைப் பூஜ்யமாக்குங்கள்.
2. கிழக்கில் நிறுத்தி, கிழக்கு-மேற்குத் திருகால் பூஜ்யமாக்குங்கள்.
3. தெற்கில் உள்ள பிழையில் பாதியை மட்டும் எடுங்கள்.
4. மேற்கிலும் பாதி.
5. ஒவ்வொரு 30 டிகிரிக்கும் மிச்சப் பிழையை ஒரு தனிக் குறிப்பு அட்டையில் எழுதுங்கள். எங்கும் 10 டிகிரியைத் தாண்டக் கூடாது.

திருகுளி பித்தளையாக இருக்கட்டும். விசிறி சுழலும்போது வாலைத் தூக்கிப் பிடிப்பதற்கு ஆளை நம்பாதீர்கள். உறுதியான தாங்கியில் கட்டி, காக்பிட்டில் ஒருவர், வெளியே ஒருவர். திருத்தத் திருகுகள் கடைசிவரை திரும்பியும் பிழை தீரவில்லையென்றால் திருத்தக் காந்தங்கள் செத்திருக்கலாம்.

அட்டை சோம்பலாகத் திரும்பினால் காந்தம் ஒன்றைக் காட்டி 20 டிகிரி இழுத்துவிட்டு விலக்குங்கள். பழைய எண்ணுக்கு ஓரிரு டிகிரிக்குள் திரும்பாவிட்டால் அச்சு முனையோ அது நிற்கும் கல்லோ தேய்ந்திருக்கிறது.

## கண்ணாடியும் முகமும்

மங்கிய டயலுக்கு வெள்ளை அடித்துப் புதிதாக்குவதில் அவசரம் வேண்டாம். எழுத்து படிக்கும்படி இருந்தால் அப்படியே விடுவதுதான் அசலுக்கு மரியாதை. வேகமானியின் வண்ண வரைகளைக் கண்ணாடிமேல் ஒட்டினால், கண்ணாடிக்கும் உறைக்கும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடும் போடுங்கள். கண்ணாடி நகர்ந்தால் கோடு முறியும், வரைகள் பொய் சொல்வது தெரியும். மானியை அனுப்பும்போது துளைகளை மூடியால் அடைத்து, முகம் மேலாக, நான்கு விரல்கடைப் பஞ்சில் பொதியுங்கள்.

## வென்டூரியில் ஓடும் டர்ன்-பேங்க் தரையில் வேலை செய்யவில்லை

செய்யாது. சில கப்களில் கூடுதலாக உள்ள டர்ன்-பேங்க் (திருப்பம் காட்டும் கைரோ மானி), வென்டூரி என்ற வெளிப்புற உறிஞ்சு குழாயால் ஓடுகிறது, அதற்குக் காற்றோட்டம் வேண்டும். பறக்கும்போதும் மந்தமென்றால் உறிஞ்சலை அளவிடுங்கள், ஏறக்குறைய 2 அங்குலப் பாதரசம் வேண்டும். குறைந்தால் ஹோஸ் கசிவு. உறிஞ்சல் சரியாக இருந்து கைரோ கரகரத்தால் பேரிங்.

## பெட்ரோல் கம்பி: அளவு தவறு

தக்கை மிதவையும் ஒரு கம்பியும், இதைவிட எளிய மானி கிடையாது. ஆனாலும் இரண்டு விதமாகக் கெடும், இரண்டும் சமமல்ல. தக்கை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்தால் கம்பி தாழ்ந்து, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சீக்கிரம் இறங்குவீர்கள், அவ்வளவே. கம்பி மூடியின் துளையில் சிக்கினால் டேங்க் காலியாகும்போதும் உயர்ந்தே நிற்கும். ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் கம்பியை விரலால் அழுத்தி விடுங்கள்; தானாக எழுந்து அதே உயரத்துக்கு வர வேண்டும்.

சிக்கினால் கம்பியைச் சமதளத்தில் உருட்டி நேராக்கி, நுண் உப்புத்தாளால் துடையுங்கள். துளையைப் பெரிதாக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், தூசு ஒட்டும். டேங்குக்குக் காற்று போகும் வழி மூடியில்தான் என்பதால் அந்தத் துளையை ரப்பரால் அடைப்பது எஞ்சினை நிறுத்தும் வேலை.

தக்கையின் அசல் பூச்சு அரக்கு. எத்தனால் கலந்த பெட்ரோலில் அரக்கு கரையும். கரைந்தது அடியில் போய் வடிகட்டியில் படியும். வடிகட்டிக் கிண்ணத்தில் பிசுக்கான மண்ணிறப் படிவு தெரிந்தால் மிதவையைக் கழற்றிப் பாருங்கள். எரிபொருளில் ஊறாத நுரை மிதவை கிடைக்கிறது, அசல் கம்பியிலேயே பொருத்தலாம். வெளியே பார்க்க வித்தியாசம் தெரியாது. மிதவை மாற்றினால் பழைய குறிகள் செல்லாது. டேங்கை முழுதும் வடித்து, வால் தரையில் இருக்க, இரண்டு இரண்டு காலனாக 12 காலன் வரை ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் கம்பி மூடிக்குமேல் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். பின் வாலைப் பறக்கும் நிலைக்கு உயர்த்தி, அதே அளவுகளை இன்னொருமுறை எடுங்கள். இரண்டு வரிசையும் வேறுபடும். காக்பிட்டில் ஒட்ட வேண்டியது இரண்டாவது.